கேம்ப்சைட்டில் ஸ்டோரேஜ் ஷெல்டர்... பனிக்காலம் முழுக்க நிற்குமா?

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், பனி உருகி முடிந்த மே மாதத்தில் ஏதாவது ஒரு கேம்ப்கிரவுண்டைச் சுற்றி வாருங்கள். எங்காவது ஒரு மூலையில் இப்படி ஒரு காட்சி கண்ணில் படும்: வளைந்து நெளிந்த இரும்பு பைப்புகள், நடுவில் கிழிந்து தொங்கும் வெள்ளை கவர், அதற்கடியில் நசுங்கிய சைக்கிளும் நனைந்து நாறும் ஸ்லீப்பிங் பேக்குகளும். அக்டோபரில் அது ஜம்மென்று நின்ற ஸ்டோரேஜ் ஷெல்டர். 'குளிர்காலம் முழுக்க அப்படியே இருக்கட்டும், ஏப்ரல்ல போய்ப் பாத்துக்கலாம்' என்று பூட்டிவிட்டுப் போயிருப்பார்கள்.

அந்த ஷெல்டர் ஏன் விழுந்தது, விழாமல் வைக்க முடியுமா, முடியாது என்றால் சாமான்களை என்ன செய்வது என்று பார்ப்போம். இங்கே பனி என்பது நம்மூர் மார்கழிக் காலைப் பனி கிடையாது. வானத்திலிருந்து கொட்டி, ஏப்ரல் வரை குவிந்து கிடக்கும் ஸ்நோ.

இந்த ஷெல்டர் என்பது என்ன?

இரும்பு பைப்புகளை ஒன்றோடு ஒன்று செருகி, போல்ட் போட்டு ஒரு கூடு அமைக்கிறீர்கள். அதன்மேல் பாலிஎதிலீன் நெசவில் செய்த தடித்த கவரை இழுத்துக் கட்டுகிறீர்கள். முன்பக்கம் ஜிப் வைத்த கதவு. இரண்டு பேர் ஒரு பகலில் நிறுத்திவிடலாம். மரத்தில் ஷெட் கட்டும் செலவில் ஒரு சிறு பங்குதான் ஆகும். 10 அடி அகலம், 20 அடி நீளம் என்ற அளவு ரொம்பவே பிரபலம். ஒரு கார் நிற்கும், அல்லது இரண்டு கனூ படகுகள், சைக்கிள்கள், நாற்காலிகள், பார்பிக்யூ அடுப்பு எல்லாம் அடங்கும்.

கேம்ப்சைட்டில் இது எதற்கு? தனியார் கேம்ப்கிரவுண்டுகளில் 'சீசனல் சைட்' என்று ஒரு ஏற்பாடு உண்டு. மே மாதத்திலிருந்து அக்டோபர் வரை ஒரே இடத்தை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். டிரெய்லர் அங்கேயே நிற்கும், வார இறுதிகளில் போய்த் தங்கலாம். குளிர்காலத்துக்கும் டிரெய்லரை அங்கேயே விட்டுவைக்கப் பல இடங்களில் அனுமதி தருவார்கள். டொரன்டோவில் அபார்ட்மென்ட்டிலோ பேஸ்மென்ட்டிலோ இருப்பவர்களுக்குக் கனூவை வைக்க வேறு இடம் ஏது? அதனால் டிரெய்லருக்குப் பக்கத்திலேயே ஒரு ஷெல்டர் முளைத்துவிடுகிறது. நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து சைட் எடுத்தால் கேட்கவே வேண்டாம், நாலு வீட்டுச் சாமானும் அதற்குள்தான்.

ஒன்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது தனியார் சீசனல் சைட்டுக்கு மட்டும் பொருந்தும். ஒன்டாரியோவில் 'கிரவுன் லேண்ட்' எனப்படும் அரசு நிலத்தில், அந்த மாகாணவாசிகள் காசு கட்டாமல் முகாம் போடலாம். ஆனால், ஒரு வருடத்தில் ஒரே இடத்தில் 21 நாள்தான் கணக்கு. அங்கே ஷெல்டரை நட்டுவிட்டுக் குளிர்காலம் முழுக்க விட முடியாது. தனியார் இடத்திலும் வாங்குவதற்கு முன்பே அலுவலகத்தில் கேளுங்கள். ஷெல்டர் நிறுத்தலாமா, எந்த அளவு வரை? நவம்பருக்குப் பிறகு கேட்டைப் பூட்டிவிடுவார்களா, பாதையில் பனி அள்ளுவார்களா? ஷெல்டர் சரிந்து பக்கத்து டிரெய்லர்மேல் விழுந்தால் யார் பொறுப்பு? வாய்வார்த்தையாக இல்லாமல் இ-மெயிலில் பதில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

பனியின் எடை: ஒரு சின்னக் கணக்கு

பஞ்சு மாதிரி பறந்து விழும் பொருளுக்கு என்ன எடை இருக்கப்போகிறது? ஷெல்டர் விழுவதற்கான காரணம் இந்த எண்ணத்திலேயே இருக்கிறது.

10×20 அடி ஷெல்டர் அடைக்கும் தரைப்பரப்பு சுமார் 18.6 சதுர மீட்டர். ஓரளவு படிந்த உலர்ந்த புதுப்பனி ஒரு கன மீட்டருக்குச் சுமார் 100 கிலோ இருக்கும். அப்படியானால் 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு விழுந்தால் கூரைமேல் 550 கிலோ. இது நல்ல நாள் கணக்கு. தட்பவெப்பம் ஜீரோ டிகிரியைச் சுற்றி இருக்கும்போது விழும் ஈரப்பனி இதைப்போல மூன்று மடங்கு கனமாக இருக்கலாம். அதே 30 சென்டிமீட்டர், இப்போது 1,600 கிலோவுக்கும் மேல். சின்ன ஹேட்ச்பேக் கார் இரண்டைக் கூரையில் ஏற்றி வைத்த மாதிரி! கூரை சரிவாக இருப்பதால் ஒரு பகுதி வழுக்கி விழுந்துவிடும் என்பது உண்மைதான். எந்தப் பகுதி, எப்போது என்பதைத்தான் நம்மால் சொல்ல முடியாது.

அதைவிட மோசமானது பனிமேல் பெய்யும் மழை. டிசம்பரிலும் மார்ச்சிலும் இது சகஜம். கிடக்கும் பனி, ஸ்பாஞ்ச் மாதிரி மழையைக் குடித்துக்கொள்ளும். 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு சதுர மீட்டருக்கு 10 கிலோ கூடும். அதாவது, நம் கூரையில் இன்னும் 186 கிலோ. வெளியிலிருந்து பார்த்தால் பனியின் உயரம் குறைந்திருக்கும், 'அப்பாடா, உருகிடுச்சு' என்று தோன்றும். எடை ஏறியிருக்கும். அன்று இரவே குளிர் திரும்பினால், அத்தனையும் பனிக்கட்டியாக இறுகிக் கவரோடு ஒட்டிக்கொள்ளும்.

கல்யாண வீட்டில் சாமியானா போட்ட அன்று மழை வந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். துணி ஓரிடத்தில் லேசாகத் தொய்யும், அங்கே தண்ணீர் தேங்கும், தேங்கியதால் இன்னும் தொய்யும். யாராவது ஒரு மாமா கம்பை எடுத்துக் கீழிருந்து குத்திவிடுவார், தண்ணீர் கொட்டிவிடும். ஷெல்டரிலும் இரண்டு பைப் வளைவுகளுக்கு நடுவே இதேதான் நடக்கிறது. தொய்வில் சேர்வது தண்ணீராக இல்லாமல் பனிக்கட்டியாக இருப்பதால் குத்தினாலும் கொட்டாது. உள்ளே நின்று கம்பால் குத்துவது இங்கே உயிருக்கே ஆபத்து. ஏன் என்று பிறகு வருகிறேன்.

டொரன்டோவிலிருந்து வடக்கே இரண்டு மணி நேரம் ஓட்டினால் வரும் கிராவன்ஹர்ஸ்ட் ஊரில், 2024 நவம்பர் கடைசியில் தொடங்கிய ஒரே பனிப்பொழிவில், சில நாட்களுக்குள் ஒரு மீட்டருக்கும் மேல் கொட்டியது. நெடுஞ்சாலையையே மூட வேண்டி வந்தது. பெரிய ஏரிகளின் தண்ணீர் அப்போது இன்னும் உறையாமல் ஓரளவு வெதுவெதுப்பாக இருக்கும். அதன்மேல் ஆர்க்டிக் குளிர்காற்று கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு போய், எதிர்க்கரையில் பனியாகக் கொட்டிவிடும். ஏரி உறைந்த பிறகு இது குறையும். ஆகவே, ஹியூரான் ஏரி, ஜார்ஜியன் விரிகுடா ஆகியவற்றின் கிழக்குப் பக்கத்தில் உங்கள் சைட் இருந்தால், நவம்பர், டிசம்பரிலேயே பெரிய அடி விழலாம். 'ஜனவரியில்தானே குளிர்' என்று அசட்டையாக இருக்க வேண்டாம்.

யார் பனியைத் தள்ளப்போவது?

கியூபெக் மாகாணத்தில் குளிர்காலத்தில் வீட்டுக்கு வீடு கார் நிறுத்தும் இடத்தில் வெள்ளைக் கூடாரம் முளைக்கும். 'டெம்போ' என்ற பிராண்டின் பெயரிலேயே அதை எல்லோரும் அழைக்கிறார்கள். நகராட்சிகள் தேதி குறித்தே அனுமதி தருகின்றன, பெரும்பாலும் அக்டோபர் நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை. அவ்வளவு பனியிலும் அவை நிற்கின்றனவே, நம்முடையது மட்டும் ஏன் விழ வேண்டும்?

அந்தக் கூடாரத்துக்குப் பக்கத்திலேயே ஆள் இருக்கிறார். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது துடைப்பத்தால் கூரையைத் தட்டிவிட்டுப் போகிறார், ராத்திரி திரும்பும்போது இன்னொரு தட்டு. கேம்ப்சைட்டில் அந்த ஆள் கிடையாது. ஷெல்டர் எவ்வளவு நல்ல கம்பெனி, பைப் எவ்வளவு தடிமன் என்பதெல்லாம் அடுத்த கேள்விகள்தான். பனி விழுந்த ஓரிரு நாளில் அங்கே போய் நிற்கப்போவது யார்? முதல் கேள்வி இதுதான்.

இந்த வகை ஷெல்டர்களின் கையேட்டைத் திறந்து பாருங்கள். பனியையும் ஐஸையும் உடனுக்குடன் அகற்ற வேண்டும் என்று எழுதியிருக்கும். கடுமையான வானிலை வருகிறது என்றால் கவரைக் கழற்றிவிடும்படியும் பல கையேடுகள் சொல்கின்றன. செய்தவரே அப்படிச் சொல்லும்போது, பூட்டிவிட்டுப் போனால் தாங்கும் என்று நாம் நம்புவதில் அர்த்தமில்லை.

ஆக, முடிவு எடுக்க வேண்டியது அக்டோபரில். பெரிய பனிப்பொழிவுக்குப் பிறகு ஓரிரு நாளில் போக முடியுமா? சொந்த கார் இருக்கிறதா, விண்டர் டயர் இருக்கிறதா, பரீட்சையோ ஷிஃப்ட்டோ குறுக்கே வருமா? குளிர்காலம் முழுக்க அங்கேயே தங்கும் ஒருவரோ, பக்கத்து ஊர்க்காரர் ஒருவரோ காசு வாங்கிக்கொண்டு பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டாரா? இவற்றில் எதற்கும் உறுதியான பதில் இல்லை என்றால் கவரைக் கழற்றிவிடுங்கள்.

கவர் இல்லாத வெறும் பைப் கூட்டில் பனி நிற்க இடமில்லை, எல்லாம் தரைக்கு வந்துவிடும். சாமான்களை மரப் பேலட்டுகள்மேல் தாழ்வாக அடுக்கி, கனமான தார்ப்பாயால் போர்த்தி, கயிற்றால் இறுக்கிவிடலாம். அதன்மேல் ஒரு மீட்டர் பனி விழுந்தாலும் சுமையைத் தரை தாங்கிக்கொள்ளும். நசுங்கக்கூடியதை மட்டும் மேலே வைக்காதீர்கள். கனூவைக் கவிழ்த்து, தாழ்வான இரண்டு மரக்கட்டைகள்மேல் வைத்துக் கட்டினால் போதும். பார்க்க அழகாக இருக்காது. ஆனால், என்னைக் கேட்டால், பாதிப் பேருக்கு இதுதான் சரியான வழி.

நிறுத்துவதென்று முடிவெடுத்தால்...

கூரையின் வடிவம் முதல் விஷயம். நடுவில் முகடு எழும்பி இரண்டு பக்கமும் சரியும் வடிவத்தில் பனி வழுக்கும் வாய்ப்பு அதிகம். அரைவட்ட வடிவம் காற்றுக்கு நல்லது, ஆனால் உச்சிப் பகுதி கிட்டத்தட்ட தட்டையாக இருப்பதால் அங்கே பனி உட்காரும். தட்டைக் கூரையோடு வரும் பார்ட்டி டென்ட், கெஸீபோ போன்றவற்றைக் குளிர்காலத்துக்கு நினைக்கவே வேண்டாம்.

இடம் பார்க்கும்போது தலைக்கு மேலே பாருங்கள். மரத்தடி கோடையில் சுகம், குளிர்காலத்தில் வில்லன். ஊசியிலை மரங்களின் கிளைகளில் சேரும் பனி ஒரே மூட்டையாக விழும், காய்ந்த கிளையோ ஈட்டி மாதிரி இறங்கும். டிரெய்லர் கூரையிலிருந்து பனி வழுக்கி விழும் பக்கத்திலும் நிறுத்தக் கூடாது. ஷெல்டரின் இரண்டு பக்கமும் குறைந்தது ஒரு மீட்டர் காலியாக இருக்கட்டும். கூரையிலிருந்து சரியும் பனி போய்ச் சேர இடம் வேண்டுமே. குறுகிய பக்கம் காற்றை எதிர்நோக்கி இருந்தால் நல்லது. அந்தப் பகுதிகளில் குளிர்காலக் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் அடிக்கும். கதவு காற்றுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும்படி திருப்பிக்கொள்ளுங்கள்.

அடுத்து ஆங்கர். பனிதான் எதிரி என்று நினைத்து இதில் கோட்டை விடுபவர்கள் அதிகம். கவர் போட்ட ஷெல்டர் ஒரு பெரிய பட்டம் மாதிரி. கீழ் ஓரத்தில் காற்று புகுந்தால் அப்படியே தூக்கிவிடும். பெட்டியோடு வரும் சின்ன ஆணிகளை நம்பாமல், மண்ணில் திருகி இறக்கும் நீளமான ஸ்க்ரூ ஆங்கர்களை ஒவ்வொரு மூலையிலும், நடுக்கால்களிலும் போடுங்கள். மண் உறைவதற்கு முன், அதாவது அக்டோபரிலேயே இதை முடிக்க வேண்டும். டிசம்பரில் திருகினால் கை வலிக்கும், ஆங்கர் இறங்காது.

ஒரு தடவை போட்டால் முடிந்தது என்றும் இல்லை. மண்ணிலிருக்கும் ஈரம் உறையும்போது விரிந்து, உள்ளே புதைத்ததை மெல்ல மெல்ல மேலே தள்ளும். தெற்கு ஒன்டாரியோவில் வீட்டு அஸ்திவாரங்களையே சுமார் 1.2 மீட்டர் ஆழத்துக்குக் கீழே இறக்குவது இதனால்தான். நம் ஆங்கர் அந்த ஆழத்தைத் தொடாது. ஜனவரியில் நின்ற பிடி மார்ச்சில் ஆட்டம் கண்டிருக்கும். ஒவ்வொரு தடவை போகும்போதும் கையால் அசைத்துப் பார்த்துவிடுங்கள்.

கவரை டிரம் தோல் மாதிரி இழுத்துக் கட்டுவதுதான் பாதி வேலை. வெயிலில் அது தளரும், குளிரில் விறைக்கும், காற்றில் ஆடி ஆடிக் கயிறு நெகிழும். எனவே, ராட்செட் ஸ்ட்ராப்பை அடிக்கடி ஒரு சுற்று இறுக்குங்கள். பைப்புகள் இணையும் இடங்களில் கவர் உரசிக் கிழியாமல் இருக்க, பழைய தோட்டக் குழாயையோ தடித்த துணியையோ சுற்றி டேப் ஒட்டலாம். சிலர் ஒவ்வொரு வளைவுக்கும் அடியில், முகட்டைத் தாங்கும்படி ஒரு மரக்கம்பத்தை முட்டுக் கொடுக்கிறார்கள். உதவும்தான். ஆனால், கம்பத்தின் கீழே ஒரு பலகை வைக்காவிட்டால் அது மண்ணில் இறங்கிவிடும். முட்டுக் கொடுத்துவிட்டோம் என்பதற்காகப் பனி தள்ளாமல் இருந்துவிடவும் முடியாது.

கவரின் கீழ் ஓரம் தரையில் புரளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புரண்டால் அது ஐஸோடு சேர்ந்து உறைந்துவிடும், அவசரத்தில் இழுக்கும்போது கிழியும். ஓரத்துக்கு அடியில் ஒரு பலகையைப் போட்டுவைத்தால் போதும். ஜிப்பில் மெழுகுவத்தியை ஒரு தடவை தேய்த்துவிட்டால் ஐஸ் பிடிப்பது குறையும். பிடித்துவிட்டால் பலம் காட்டாதீர்கள், கையுறையோடு பிடித்துச் சூடேற்றித் திறங்கள்.

பனி தள்ளும் முறை

வெளியே நின்றுதான் தள்ள வேண்டும். கூரை தொய்ந்திருக்கிறது, பைப் வளைந்திருக்கிறது என்றால் உள்ளே காலே வைக்காதீர்கள். உள்ளே நின்று துடைப்பத்தால் கவரை மேலே தட்டும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. தட்டும் அதிர்வில் ஒரு பக்கப் பனி சட்டென்று சரிந்து, மறுபக்கத்துச் சுமை முழுவதும் வளைந்த பைப்பின்மேல் ஏறினால் கூடு அப்படியே மடங்கும். அடியில் நிற்பவர்மேல் அரை டன்னுக்கும் மேல். கேம்ப்கிரவுண்டில் அந்த நேரம் வேறு யாரும் இருக்க மாட்டார்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். தனியாகப் போகாதீர்கள். எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

நீளக் கைப்பிடி வைத்த மென்மையான துடைப்பமோ, முனையில் ஃபோம் வைத்த ரூஃப் ரேக்கோ போதும். ஷவலின் விளிம்பு கவரைக் கிழித்துவிடும், குளிரில் விறைத்த கவர் என்றால் இன்னும் சீக்கிரம். ஒரு பக்கத்தை முழுக்கக் காலி செய்துவிட்டு மறுபக்கம் போகாதீர்கள். இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று மாறி மாறித் தள்ளினால்தான் கூடு முறுக்கிக்கொள்ளாது. கவரோடு ஒட்டிய ஐஸை அடித்து உடைக்க வேண்டாம். வெந்நீர் ஊற்றுவது, உப்புத் தூவுவது என்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். வெந்நீர் கொஞ்ச நேரத்தில் புது ஐஸாகும், உப்பு பைப்பை அரிக்கும். மேலே கிடக்கும் பனியை எடுத்துவிட்டால், வெயில் அடிக்கும் மதியத்தில் பெரும்பாலும் அதுவே வழுக்கி இறங்கும்.

தள்ளியாச்சு, கிளம்பலாமா? இன்னொரு வேலை பாக்கி. கூரையிலிருந்து சரிந்த பனி பக்கவாட்டில் குவிந்து நிற்கும். அதை ஷவலால் அள்ளித் தூரப் போட வேண்டும். விட்டால் சுவரை உள்பக்கமாக அழுத்தும். குவியல் கூரை விளிம்பைத் தொட்டுவிட்டால், அடுத்த பனி சரிவதற்கே இடமிருக்காது. இதுதான் முதுகை முறிக்கும் வேலை. கொஞ்சம் கொஞ்சமாக அள்ளுங்கள், உள்ளாடை வியர்வையில் நனையும் அளவுக்கு அவசரம் வேண்டாம். நனைந்த உடம்போடு மைனஸ் 15 டிகிரியில் நிற்பது ஆபத்து.

உள்ளே எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது?

ஷெல்டருக்குள் வெளியே இருக்கும் அதே குளிர்தான், காற்றும் பனியும் மட்டும் கிடையாது. கூடவே ஈரம் உண்டு. தரையிலிருந்து எழும் ஈரம் கூரையின் உள்பக்கத்தில் உறைபனியாகப் படியும், வெயில் பட்டதும் பொலபொலவென்று உதிரும். மூடிய ஷெல்டருக்குள்ளேயே குட்டிப் பனிப்பொழிவு! தரையில் ஜல்லியும் அதன்மேல் ஒரு விரிப்பும் போட்டு, எல்லாச் சாமானையும் பேலட்மேல் ஏற்றி, முன்னும் பின்னும் மேலே காற்றுப் போக வழி விட்டால் இது பெருமளவு குறையும்.

துணிவகைகளை வீட்டுக்கே கொண்டுவந்துவிடுங்கள். ஸ்லீப்பிங் பேக்கை எலி கண்டுபிடித்துவிட்டால் அதற்கு ஃபைவ் ஸ்டார் ஹோட்டல். சாப்பாட்டுப் பொருள் ஒரு பிஸ்கட் பாக்கெட்கூட இருக்கக் கூடாது. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவிகிதம் விரியும் என்பதால் கேன், பம்ப், குழாய் எல்லாவற்றையும் வடித்துவிட வேண்டும். ஹைக்கிங் போகிறவர்கள் வைத்திருக்கும் நுண்குழாய் வாட்டர் ஃபில்டர் ஒருமுறை ஈரத்தோடு உறைந்தாலே உள்ளே விரிசல் விட்டுவிடும். வெளியே ஒன்றும் தெரியாது, அடுத்த கோடையில் வயிற்றுக்குத்தான் தெரியும். அதுவும் வீட்டுக்கு.

டிரெய்லர் பேட்டரியில் ஒரு வேடிக்கை இருக்கிறது. முழுதாக சார்ஜ் ஏற்றிய லெட்-ஆசிட் பேட்டரி கடுங்குளிரிலும் உறையாது. சார்ஜ் இறங்கியதோ மைனஸ் 10 டிகிரி வாக்கிலேயே உறைந்து வெடிப்பு விடலாம். லித்தியம் பேட்டரியை ஜீரோ டிகிரிக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் போடவே கூடாது. இரண்டுக்கும் சுலபமான வழி, கழற்றி எடுத்து வருவதுதான்.

புரொப்பேன் சிலிண்டரையும் பெட்ரோல் கேனையும் ஷெல்டருக்குள் வைக்காதீர்கள். இரண்டின் ஆவியும் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தேங்கி நிற்கும். சிலிண்டரைத் திறந்தவெளியில் நிமிர்த்தி வைக்க வேண்டும்.

ஒரு ராத்திரிதானே, உள்ளேயே படுத்துக்கலாமா?

கூடாது. இந்தக் கட்டுரையில் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

பனி தள்ளப் போன இடத்தில் இருட்டிவிடும், டிரெய்லர் குளிர்ந்து கிடக்கும். ஷெல்டருக்குள் காற்று இல்லை, ஒரு சின்ன ஹீட்டரைப் போட்டால் என்ன, பார்பிக்யூவில் கொஞ்சம் கரி மிச்சம் இருக்கிறதே என்று தோன்றும். கரி, புரொப்பேன் ஹீட்டர், ஜெனரேட்டர் என எது எரிந்தாலும் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். கவரின் கீழ் ஓரத்தைச் சுற்றிப் பனி அடைத்திருக்கும்போது காற்று உள்ளே வர வழியே இருக்காது.

தலைவலி, தலைசுற்றல், குமட்டல், சோர்வு எல்லாம் வரும். பனி அள்ளிய களைப்பு என்றே நினைத்துப் படுப்பீர்கள், தூக்கத்திலேயே மயக்கம் வந்துவிடும். கூட இருக்கும் இரண்டு மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி என்றால் சந்தேகமே வேண்டாம். உடனே எல்லோரும் வெளியே வந்து 911-ஐ அழையுங்கள். கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு அடுப்பு பற்றவைப்பதும் பாதுகாப்பு ஆகாது. ஸ்னோமொபைல் இன்ஜினைச் சூடேற்றுவதற்குக்கூட முதலில் வெளியே தள்ளிக்கொண்டு வந்து, பிறகு ஸ்டார்ட் செய்ய வேண்டும். இதோடு தீயும் இருக்கிறது. பாலிஎதிலீன் கவர் பற்றினால் உருகிச் சொட்டும், வெளியேற ஒரே ஒரு ஜிப் கதவுதான்.

குளிர்காலத்தில் முகாமில் தங்கும் ஆசை இருந்தால் அதற்கென்றே இடங்கள் இருக்கின்றன. அல்காங்குவின் மாகாணப் பூங்காவின் மியூ லேக் கேம்ப்கிரவுண்ட் ஆண்டு முழுக்கத் திறந்திருக்கும், ஹீட்டர் வைத்த வட்டக் கூடாரங்களும் வாடகைக்குக் கிடைக்கும். பனி தள்ளப் போகும் நாளில் இருட்டிவிட்டால் பக்கத்து ஊர் மோட்டலில் அறை எடுங்கள். ஷெல்டரையும் சாமானையும் சேர்த்தாலும் அந்த ஒரு ராத்திரி வாடகைக்கு ஈடாக உயிரைப் பணயம் வைக்கும் மதிப்பு வராது.

ஏப்ரலில் கழற்றும்போது

உருகும் காலத்தில் ஆங்கரும் கயிறும் தளர்ந்திருக்கும் என்பதால் அந்த மாதத்துக் காற்றையும் கவனியுங்கள். கவரை வெயிலில் இரண்டு பக்கமும் நன்றாகக் காயவைத்துத்தான் மடிக்க வேண்டும், ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சை பிடிக்கும். ஓரங்களில் நூல் பிரிந்திருக்கிறதா, வெயில்பட்ட பக்கம் நிறம் மங்கித் தூள் உதிர்கிறதா என்று பாருங்கள். தூள் உதிர்ந்தால் அந்த கவர் அடுத்த குளிர்காலத்துக்கு ஆகாது. வளைந்த பைப்பை நிமிர்த்தி மறுபடி போடாதீர்கள், ஒருமுறை வளைந்த இடம் அடுத்த தடவை சீக்கிரம் மடங்கும். அந்த ஒரு பைப்பை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். எலிப்புழுக்கை கிடந்தால் காய்ந்தபடி கூட்டாமல், கிருமிநாசினி தெளித்து நனைத்து, கையுறை போட்டுத் துடைத்தெடுங்கள். போல்ட், நட்டு எல்லாவற்றையும் ஒரு ஜிப் பையில் போட்டு, அந்தப் பையை பைப் கட்டோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். அக்டோபரில் தேடுவதற்கு நேரமிருக்காது.